தூங்கினால் ஓட்டல் மூடிவிடும்

புதுப்பட்டினம்
8.7.2024

அன்புள்ள மாப்பிள்ளை கண்ணாயிரத்துக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நமக்குள் பேச்சு விட்டுப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் நாலு பேர் முன்னால் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நேற்று என் தங்கை வேண்டா போனில் அழுதாள். பள்ளிக்கூட வேனை ரோட்டை விட்டு ஏரிக்கரைச் சரிவில் இறக்கினீர்களாம். உள்ளே பிள்ளைகள். ஆயா ராஜம் கத்தியிருக்காவிட்டால் வண்டி தண்ணீரில் கிடந்திருக்கும். வீட்டுக்கு வந்து, "கண்ணு அசந்துடுச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்களாம்.

கண் ஏன் அசந்தது? இரவில் தூங்காததால். ஏன் தூங்கவில்லை? அது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பகற்கனவு. கல்யாணப் பந்தியிலேயே பார்த்தேன். சாம்பார் ஊற்றியவர் ரசத்தோடு திரும்பி வரும்வரை சோற்றில் வைத்த கை அசையவில்லை. புது மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று என் அப்பா சமாதானம் சொன்னார். அது கூச்சம் இல்லை. நீங்கள் அங்கே இல்லை.

என் மகள் வைஷாலியைப் பெண் பார்க்க வந்தவர்களை செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வரச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? வாசலில் ஹாரன் அடித்தீர்கள். பன்னீர்ச் சொம்போடு ஓடி வந்தோம். நீங்கள் பின்கதவைத் திறந்து காலி சீட்டைப் பார்த்து, "எறங்குங்க, வூடு வந்துச்சி" என்றீர்கள். அவர்கள் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காத்திருந்து, அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போனார்கள். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அது என் வீட்டுக் கதை, போகட்டும். இவை ஊரார் பிள்ளைகள். நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வரும் பத்திரிகைகளைத் தேடிப் படித்தேன். பகற்கனவு அளவுக்கு மீறியவர்களில் பலருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. தூக்கம் கெட்டால் மனம் இன்னும் அலையும். எது முதல், எது பின் என்று ஆராய்கிறவர்களுக்கே உறுதியில்லை. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாக்டரைப் பாருங்கள். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
பார்த்திபன்

செங்கல்பட்டு
13.7.2024

மச்சானுக்கு கண்ணாயிரம் எழுதறது. இங்க எல்லாம் நல்லாக்கீறோம். நீ எப்படிக்கீற? வைஷாலி இன்னா பண்ணுது? உன்ன மாதிரி எழுத எனக்கு வராது, பேசற மாதிரியே எழுதறேன், கோச்சிக்காத. திட்டறதுக்காவது கடுதாசி போட்டியே, அத்த ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லி வேண்டா கேட்டுச்சி.

யார்கிட்டயும் சொல்லாதத உன்கிட்ட சொல்றேன். மாமல்லபுரத்துல கடலப் பாத்தாப்ல எனக்கு ஒரு ஓட்டல் கீது. நெசத்துல இல்ல, மண்டைக்குள்ள. ரொம்ப வருசமா நடத்திகினு கீறேன். வஞ்சிரம் வறுவல் நல்லா ஓடுது. போன மாசம் மாஸ்டர் சண்டை போட்டுகினு பூட்டான், புச்சா ஆள் தேடிகினு கீறேன். காலைல வேன் ஓட்டசொல்ல அங்க நாஸ்தா வேல நடக்கும். ராத்திரி படுத்தா அப்பதான் கூட்டமே வரும். அம்மாம் பேரையும் குந்த வெச்சிட்டு நான் எப்படித் தூங்கறது? தூங்கிட்டா ஓட்டல் மூடிக்கும் மச்சான்.

நீயும் அங்கதான் கீற. கல்லாவுல குந்திகினு வரவன் போறவனையெல்லாம் மொறைச்சிகினு கீற. உனக்கு பயந்துகினே ஒருத்தனும் பில்லு கட்டாம போறதில்ல. அங்க நாம பேசிகினுதான் கீறோம்.

ஸ்டேஷன் மேட்டர்ல தப்பு என்னுதுதான். ஆனா சத்தியமா சொல்றேன், அவங்கள ஏத்திகினேன்னுதான் நெனச்சேன். வழியெல்லாம் பையன்கிட்ட பேசிகினே வந்தேன். நல்ல பையன், மரியாதையான பையன்.

செவ்வாக்கெழம டாக்டர்கிட்ட போறேன், சாமி மேல ஆணை. ஸ்கூல் ஓனர் சாலமோன் சார் காதுக்கு மட்டும் எட்த்துகினு போவாத. வேல பூட்டா வேண்டா பாடு பேஜாராயிடும்.

உன் மாப்ள
கண்ணாயிரம்

புதுப்பட்டினம்
1.8.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டாக்டரைப் பார்த்தீர்களா என்று வேண்டாவைக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மை. சீட்டு வாங்கியதும் உண்மை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்களை நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் அடுத்தவரை உள்ளே அனுப்பிவிட்டார். எல்லோரும் போன பிறகு, கூட்டிப் பெருக்குகிற அம்மாள் தோளைத் தட்டியிருக்கிறார். தூங்கினீர்களா என்றால் அதுவும் இல்லை, கண் திறந்தே இருந்ததாம். வியாதிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்திலும் அந்த வியாதியைச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரை நான் என்னவென்று சொல்வது? புது மாஸ்டர் கிடைத்துவிட்டாரா?

மறுநாளே வேனை எடுத்திருக்கிறீர்கள். போன திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு பைக்கில் உங்கள் வேனுக்குப் பின்னாலேயே வந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. பார்க்கமாட்டீர்கள் என்று தெரிந்துதான் வந்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது, போயிற்று, மறுபடி சிவப்பு விழுந்தது. வேன் நகரவில்லை. ஆட்டோக்காரன் ஒருவன் இறங்கி வந்து, "யோவ் அண்ணாத்த, வண்டிக்குள்ளயே குடித்தனமா?" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அங்கிருந்து நேராக சாலமோனிடம் போனேன். நான் யார் என்று சொல்லி, பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் காபி வரவழைத்தார். "அந்த சம்பந்தம் நின்னுபோன மேட்டர்தானே சார்? இந்தப் பக்கம் தெரியாதவங்களே இல்ல. குடும்பச் சண்டைய ஸ்கூல் கேட்டாண்ட கொண்டாராதீங்க. கண்ணாயிரம் தங்கமான ஆளு. ஏரிக்கரைல மாடு குறுக்க வந்துச்சின்னு சொல்லிட்டாரு" என்றார்.

அந்தக் கதையை இந்தப் பக்கம் முழுக்கப் பரப்பியது யார்? நான்தான். கல்யாண வீடு, காதுகுத்து, சாவு வீடு எதையும் விடவில்லை. ஆகவே உங்களைப் பற்றி நான் சொல்லும் எதுவும் இனி எடுபடாது. நீங்களோ மாடு என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள், நம்பிவிட்டார். பொய்யாவது விழித்திருந்து சொல்லியிருக்கிறீர்கள்.

பெற்றோர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். குடிகாரர் என்றோ கெட்டவர் என்றோ எழுதவில்லை. இரவில் தூங்குவதில்லை, பகலில் கவனம் இங்கே இருப்பதில்லை, வைத்தியம் முடியும்வரை வேறு வேலை கொடுங்கள், நிறுத்திவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். வேண்டா என் முகத்தில் விழிக்கமாட்டாள். இருக்கட்டும். தண்ணீரிலிருந்து பிள்ளைகளை எடுக்கிற நாளில் நான் வீட்டில் உட்கார்ந்து, அப்போதே சொன்னேனே என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

என்னைக் கல்லாவில் உட்கார வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நிஜத்தில் என்னை யாரும் எங்கும் உட்கார வைத்ததில்லை. ஆனாலும் வேறு ஆளைப் பாருங்கள், மாப்பிள்ளை.

மொட்டைக் கடுதாசி போடுகிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை. அதனால் சங்கத்துக்கு எழுதியதை முதலில் என் பெயரை முழுசாகப் போட்டுத்தான் முடித்தேன். திரும்பப் படித்தபோது, அந்தப் பெயருக்கு மேலே இருந்த ஒவ்வொரு வரியும் சம்பந்தச் சண்டையாகவே தெரிந்தது. படிக்கிறவர்களுக்கும் அப்படித்தான் தெரியும். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன். உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், எழுதியது நான்தான். உங்களுக்குத் தெரியாமல் செய்தால்தான் அது துரோகம்.

நாளைக் காலை அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன். கையெழுத்துப் போடப்போவதில்லை.

பார்த்திபன்