பூசை போட்ட வண்டியில் ஒரு துளை

இன்று காலை, வண்டிகளுக்கு ரேடியோ மாட்டும் என் கடைக்கு ஒரு வாடகைக் கார் வந்தது. எஞ்சின் மூடியைத் திறந்ததும் கருகிய வயரின் நாற்றம் மூக்கில் ஏறியது. வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். உன் மேல்தான் கோபம் வந்தது. செத்தவன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

உன் டாக்சியில், கம்பெனியோடு பேசும் ரேடியோ பொருத்த முதலில் என்னிடம்தான் வந்தாய். பேட்டரி வயர் உள்ளே வர எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டில் ஒரு துளை, வயர் தேயாமலிருக்கத் துளைக்கு ரப்பர் வளையம், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் என்று சொன்னேன். நீ சாவியைப் பிடுங்கிக்கொண்டாய்.

“நேத்துத்தான் காளியம்மன் கோயில்ல பூசை போட்டேன். பூசை போட்ட வண்டில ஓட்டை போடுவியா? கதவிடுக்குல விடு லா.”

“கதவு சாத்துறப்பல்லாம் வயர் நசுங்கும். தோல் பிஞ்சா தீப்பிடிக்கும். நான் செய்ய மாட்டேன்.”

“நீ இல்லன்னா ஊர்ல ஆளே இல்லையா?”

ஆள் இருந்தான். நீ கேட்டபடியே செய்துகொடுத்தான், பியூஸ்கூட இல்லாமல். தேக்கா சந்தை அருகே என்னைப் பார்த்ததும் வேண்டுமென்றே கதவைப் படாரென்று சாத்திக் காட்டிச் சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மழைக்காலத்தில், கிராஞ்சிப் பக்கம் போகும்போது அந்த வயர் பற்றிக்கொண்டது. உள்ளே ஒரே புகை. வண்டி கால்வாயில் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே நீ போய்விட்டாய்.

துக்கம் கேட்கப் போனபோது உன் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

“ரேடியோ மாட்டுறதுதானே உங்க பொழப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பாருல்ல அண்ணே?”

சொன்னேனம்மா என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால், பிடிவாதத்தால் குடும்பத்தைத் தெருவில் விட்டவன் என்று அன்றைக்கே உன்னை அவள் வெறுக்கத் தொடங்கியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது பிள்ளைகளோடு தோ பாயோவில் இருக்கிறாள். பேருந்தில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிள்ளைகளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. வலிக்கத்தான் செய்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சில நாள் தோன்றும். பிறகு விட்டுவிடுவேன். சொன்னால் கேட்கிற அப்பாவாகவே நீ அவர்களுக்கு இருந்துவிட்டுப் போ.