முத்துப்பிரியாவின் பக்கங்களை மீட்டுத் தந்த ஜெனிக்கு

போடிநாயக்கனூர்,
ஐப்பசி மாதம்.

மதிப்புக்குரிய ஜெனி தாயிக்கு,

அன்றைக்கு மலையில் இருந்தவர்கள்: நான், என் மகன் அழகுராஜா, மருமகள் ரேணுகா, ரேணுகாவின் அண்ணன் தவசி, ஏலக்காய் எடுக்க வந்த பெண்கள், என் பேத்தி முத்துப்பிரியா. போனுக்குள் இருந்தவர்கள்: நீங்கள், உங்கள் காமிக்ஸ் கம்பெனியில் படம் போடுகிறவர்கள், தாளைப் பார்த்து வாசித்த மும்பைக்காரர், முகத்தைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டிக்கொண்டிருந்த பிரபு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் யார் எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது.

நான் முத்துப்பிரியாவின் அப்பத்தா பொன்னுமணி. போனில் நன்றி சொல்ல வந்தால் நீங்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாட்டி, சாப்டீங்களா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நல்ல மழை. போடிமெட்டு ரோட்டில் பாறை உருண்டு, காய் எடுக்கப் போன ஜீப்புகள் இரண்டு நாளாக வளைவிலேயே நின்றன. அழகுராஜாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. மருந்து தேய்க்கச் சொன்னால் கேட்பதில்லை. மற்றபடி எல்லாரும் நலம். உங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன். அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

அன்றைய நாளைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது எங்கள் ஏலத் தோட்டத்தில் முதல் எடுப்பு. சாமி கும்பிட்டுவிட்டுக் கூடையைத் தூக்குகிற நாள். எங்கள் வீட்டு வழக்கப்படி அன்றைக்குச் சரிவேறி வருகிற யாரையும் "சோலி இல்லை, போ" என்று சொல்லக் கூடாது. கூலியும் உண்டு, மடியில் கட்டிக்கொண்டு போக ஒரு பிடி காயும் உண்டு. அதற்கு மடிக்காய் என்று பேர். என் மாமியார் பொல்லாதவள், என்னைப் பண்டிகை நாளிலும் அழவிட்டவள். அவளே அந்த வழக்கத்தை மீறியதில்லை.

அதற்காகத்தான் முத்துப்பிரியா சென்னையிலிருந்து வந்திருந்தாள். மீட்டிங் இருக்கிறது என்று போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்றாள். கம்பெனியை மும்பைக்காரர்கள் வாங்கியது எங்களுக்குத் தெரியும். புது முதலாளி கும்பிடு போட்டுப் பேசப்போகிறார் என்று நினைத்து நாங்களும் பின்னால் போய் நின்றோம். ரேணுகா முடியெல்லாம் சரி செய்துகொண்டாள். வந்தது முதலாளி இல்லை, தாளைப் பார்த்து வாசிக்க அவர் அனுப்பிய ஆள். அந்த ஆள் ஒவ்வொரு பெயராக வாசித்தார். அதில் முத்துப்பிரியா பெயரும் வந்தது. இன்றோடு வேலை முடிந்தது, சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டரையும் பூட்டிவிடுவோம் என்றாராம்.

நான் போனைப் பிடுங்கி, "ஏய்யா, இன்னிக்கு எங்க தோட்டத்துல முத எடுப்பு. வழிப்போக்கன் வந்தாக்கூட போன்னு சொல்ல மாட்டோம். நீ எந்த ஊருய்யா?" என்று கேட்டேன். அவருக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துவிட்டேன். மொத்தக் கம்பெனிக்கும் கேட்டிருக்கிறது. அவர் ஒன்றும் புரியாமல் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நீங்கள் ஒருத்திதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்த கையோடு கண்ணையும் துடைத்தீர்கள். அந்த முகத்தை அன்றைக்கே மனதில் வாங்கிக்கொண்டேன்.

தவசி சும்மா இருந்தாரா? "விடு மாப்ளே, பொம்மை போட்டது போதும். நம்ம கடைக்கு அனுப்பு, கல்லாவுல உக்காரட்டும்" என்று என் மகனிடம் சொன்னார். சாமி கும்பிட்ட வாயோடு சொன்னார். என் மகன் கல்யாணப் பந்தியில் பாயசம் தண்ணியாக இருக்கிறது என்று பாதியில் எழுந்துபோன ஆள் அவர். அதையும் நான் மறக்கவில்லை.

வேலை போனதற்குக்கூட அவள் அவ்வளவு உடையவில்லை, தாயி. ஜக்கம்மாள் போனதற்குத்தான் உடைந்தாள். அதுதான் அவளே கதை எழுதி, அவளே படம் போட்ட முதல் புத்தகம். போடிமெட்டு வளைவுகளில் ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு டிரைவர் பெண்தான் ஜக்கம்மாள். ஹாஸ்டலிலும், ஊருக்கு வந்தால் இந்த வீட்டிலும் கண் விழித்து வரைந்த பக்கங்கள் எல்லாம். ஆனால் வைத்த இடம் கம்பெனிக் கம்ப்யூட்டர். நம் காயை அடுத்தவர் ஸ்டோரில் காயப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. பூட்டு அவர்களுடையது.

எனக்கு நியாயம் தெரியாமல் இல்லை. தோட்டம் யாருடையதோ காயும் அவர்களுடையதுதான். கம்பெனிக்காக வருஷக்கணக்கில் அவள் வர்ணம் அடித்த படங்கள் எல்லாம் அவர்களுடையதே, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஜக்கம்மாள் அவர்கள் தோட்டத்தில் காய்க்கவில்லை. அதைத்தான் பிள்ளை எழுதிக் கேட்டாள். அதற்குக் கம்பெனி விசாரித்தபோது, பக்கத்து நாற்காலிக்காரன் என்று பிரபுவைக் கேட்டார்கள். "ஆபீஸ் நேரத்துலதான் வரைஞ்சா, நான் பாத்தேன்" என்று அவன் எழுதிக் கொடுத்தான். அதோடு பக்கங்கள் கம்பெனிக்கே என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு முத்துப்பிரியா தவசி கடைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். மாமனைக் கேட்காமலேயே போனாள். வீட்டில் அவள் படம் போடுகிற கண்ணாடிப் பலகையும் பேனாவும் துணி சுற்றிப் பரணுக்குப் போயின. "அப்பத்தா, இனிமே படம் பத்திக் கேக்காத" என்று ஒரு வார்த்தை சொன்னாள். நான் கேட்கவில்லை. ரேணுகா மட்டும் பரணைப் பார்த்துப் பார்த்துச் சோறு வடித்தாள்.

நீங்கள் செய்தது எனக்கு உங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் வித்யா சொல்லித்தான் தெரியும். ஹாஸ்டலில் மிச்சமிருந்த பெட்டியைக் கொடுக்க வந்த அந்தப் பிள்ளை, சாப்பிடும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வசனம் திருத்த ஆள் வேண்டும் என்று கம்பெனி உங்களை மட்டும் இருக்கச் சொன்னதாம். சம்பளம் ஏற்றித் தருகிறோம் என்றதாம். நீங்கள், "அந்தப் பொண்ணோட பக்கங்களை அவளுக்கே குடுத்துட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, இல்லன்னா நான் இருக்கல" என்றீர்களாம். எங்கள் வீட்டு மடிக்காய்க் கதையை அந்த மும்பைக்காரருக்கு இங்கிலீஷில் சொன்னீர்களாம். அதற்கெல்லாம் அவர் அசையவில்லை, நீங்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் அசைந்தார் என்றாள் வித்யா. கையெழுத்து வந்தது. நீங்கள் ஒப்படைக்க வேண்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதமே உங்களையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இதை எங்களிடம் நீங்கள் சொல்லவே இல்லை. "லீவுல இருக்கேன் பாட்டி" என்றீர்கள். நானும் நம்பி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள நல்லதாகப் போயிற்று என்றேன். அந்தப் பேச்சை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

பக்கங்கள் வந்து சேர்ந்தபோது பிள்ளை கடையில் இருந்தாள். போனைப் பார்த்தவள் கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். தவசி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். வந்தவர், அவள் தோளுக்கு மேலே எட்டி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கதை பாதியில் நின்றதும், "ஏந்தாயி, ஆனை ரோட்டுக்குக் குறுக்க நிக்குது, ஜீப்புக்குள்ள பதினாலு பேரு இருக்காக, அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார். "இன்னும் வரையல மாமா" என்றாள். "வெரசா வரையி, கடைக்கு நான் ஆள் போட்டுக்கிறேன்" என்றார். அதற்காக அந்தப் பாயசத்தை மன்னித்துவிட்டேன். முப்பது வருஷத்துக் கோபம், உங்களால் போயிற்று.

இப்போது பலகை பரணிலிருந்து இறங்கிவிட்டது. யார் அச்சடிப்பார்கள், யார் வாங்குவார்கள் என்று ஒன்றும் தெரியாது. சென்னையில் இந்தத் தொழிலில் இன்னும் பல பேரை அனுப்புகிறார்கள் என்று பிள்ளை சொல்கிறாள். தெரியாவிட்டாலும் வரைகிறாள், சாப்பிடுகிறாள், ரேணுகாவிடம் வாயாடுகிறாள். எனக்கு அது போதும். ஆனால் வசனம் எழுதுகிற இடத்தில் திக்கி நிற்கிறாள். ஜெனி அக்கா ஒரு தடவை பார்த்தால் சரியாகிவிடும் என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறாள், உங்களைக் கேட்கக் கூச்சப்படுகிறாள். நான் கேட்கிறேன்.

மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கண்ணுக்கு இந்தக் காற்று நல்லது. எங்கள் தெருவுக்கு அடுத்ததுதான் உங்கள் கோயில், ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிப்போகிறேன். எத்தனை நாள் என்று கேட்க இந்த வீட்டில் ஆள் கிடையாது. வேலை தேட வேண்டுமென்றால் இங்கேயிருந்தே தேடுங்கள். புத்தகத்தின் முதல் தாளில் உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்களாம். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் இருக்கும்.

நீங்கள் கும்பிடுகிற சாமியும் நான் கும்பிடுகிற சாமியும் சேர்ந்து உங்களைக் காக்கட்டும். என் வீட்டுப் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்த கை நன்றாக இருக்க வேண்டும். பஸ்சு ஏறியதும் ஒரு போன் போடுங்கள். அழகுராஜா ஸ்டாண்டில் வந்து நிற்பான்.

இப்படிக்கு,
உங்களைப் பார்க்கக் காத்திருக்கும்
பொன்னுமணி.

மடிக்கும் முன்னால் இன்னும் ஒன்று. எல்லாரையும் மன்னிக்கச் சொல்லி முத்துப்பிரியாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். தாளை வாசித்தவர் கூலிக்கு வாசித்தார், மன்னித்தேன். வாங்கிய முதலாளி எங்களை அறியாதவர், அவரையும் விட்டேன். ஆனால் ஜீப்பைப் பார்த்து வரைய வேண்டும் என்று இங்கே வந்து, மூன்று நாள் என் கையால் சாப்பிட்டு, அந்தப் பிள்ளை விடிய விடிய வரைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கும் குழந்தை குட்டி இருக்கிறது, வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டான் என்கிறீர்கள். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். நீங்கள் சொல்லியும் நான் மன்னிக்காத ஒரே ஆள், பிரபு.