பெயின்டருக்குக் காது கேட்ட நாள்

மார்ச் 4

என் மௌனசாமிக்கு,

இங்கே நானும் பாப்பாவும் நலம். நாற்பது நாள் மௌனம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மலைக்குப் போனவர், இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று எழுதினால் என்ன அர்த்தம்? போன் தொடக்கூடாது என்ற சட்டம் உங்களுக்கு நல்ல வசதி. உங்கள் அச்சக முதலாளி நேற்று என் கிளினிக் வாசலுக்கே வந்துவிட்டார். "சாமியார் ஆயிட்டாரா, இல்ல வருவாராம்மா?" என்றார். எனக்கே தெரியாததை அவருக்கு என்னவென்று சொல்ல? பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள் வாயாடி


மார்ச் 15

வாயாடிக்கு,

கோபப்படாதே. அச்சகத்து மிஷின் நின்ற பிறகும் என் தலைக்குள் இரைச்சல் ஓயாது, உனக்குத் தெரியும். இங்கே ஐம்பது பேர் கண்மூடி உட்காருகிறோம், இருமல்கூட இல்லை. மற்றவர்கள் முகத்தில் ஏதோ தெளிவு வருகிறது. எனக்குத்தான் வரமாட்டேன் என்கிறது. பாதி மனிதனாகத் திரும்பி வந்து உங்களுக்கு என்ன பிரயோஜனம்? முழுசாக வருகிறேன். பொறுத்துக்கொள்.

உன் மௌனசாமி


மார்ச் 26

அன்புள்ள உங்களுக்கு,

இன்று திட்டப் போவதில்லை.

நேற்று கிளினிக்குக்கு வயதான பெயின்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். பதினோரு வருடமாகக் காது கேட்கவில்லையாம். ஒரு நாளைக்கு ஆறு பேருக்காவது காதுமெஷின் மாட்டுகிறேன், "கேக்குதா?" என்று கேட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவேன். நேற்றும் அப்படித்தான் ஸ்விட்சைப் போட்டேன். அவர் திடுக்கிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ பக்கத்துல சரசரன்னு என்னமோ பண்றாங்க."

அவருடைய சட்டைக் கைதான் மேசையில் உரசியது. சொன்னதும் மெதுவாகக் கையை நகர்த்திப் பார்த்தார். மறுபடியும் நகர்த்தினார். வெளியே யாரோ சாவிக்கொத்தைக் கீழே போட்டார்கள், அதற்குச் சிரித்தார். மனைவி தயங்கித் தயங்கி, "என்னங்க" என்றார். பெயின்டர் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ கூப்பிடு" என்றார். அந்த அம்மா கூப்பிட்டார்.

"உன் குரலுக்கும் வயசாயிடுச்சுடி."

இரண்டு பேரும் அழுதார்கள். நான் படிவத்தை நீட்டவே மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பஸ் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே வந்தேன். செருப்புக்கடியில் மணல் நெரிபட்டது, மூன்றாவது மாடியில் ஒருவர் ஈரத்துணி உதறியது, எல்லாமே எனக்கென்று வந்த மாதிரி இருந்தது. வீட்டில் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். தண்ணீர் ஏற ஏற அதன் குரல் மாறுகிறது! இத்தனை வருடம் எங்கே இருந்தேன்? பாப்பா பென்சிலால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கீறல் சத்தத்தைக் கேட்டபடி அடுப்படியில் நின்றேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. யாரை என்று தெரியவில்லை. உலகத்தில் எதுவுமே குறையவில்லை. எழுதவே பயமாக இருக்கிறது: நீங்கள் இல்லாததுகூட அப்போது குறையாகத் தெரியவில்லை.

இனி வாருங்கள் என்று கூப்பிட மாட்டேன். வரக்கூடாது என்றும் இல்லை.

வாயாடி


ஏப்ரல் 6

வாயாடிக்கு,

உன் கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு முன்னால் வந்தது பொறாமை, மறைக்கவில்லை. எழுபது நாள் உட்கார்ந்தும் எனக்குக் கிடைக்காதது, உனக்கு வேலைக்குப் போன இடத்தில் கிடைத்துவிட்டதே!

சமையலறைப் படியில் போய் உட்கார்ந்தேன். சமையல்காரருக்கு மௌன விரதம் கிடையாது. "என்ன சார், வீட்டுல யாருக்காவது முடியலையா?" என்றார். இத்தனை நாளாக அவர் கையால் சாப்பிடுகிறேன். அன்றுதான் அவர் குரல் என் காதில் விழுந்தது. வாயைத் திறந்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். காய் நறுக்கிய கத்தியோடு அப்படியே நின்றார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். மகளின் நர்ஸிங் படிப்பு, முழங்கால் வலி, உப்பு கூடிப்போன ஒரு நாள். அவர் எழுந்து போன பிறகுதான் உறைத்தது, அவ்வளவு நேரமும் என் தலைக்குள் அவர் பேச்சைத் தவிர ஒன்றுமே இல்லை. மரத்தடியில் போய் நின்றேன். எனக்கும் சிலிர்த்தது.

முழுசாகவெல்லாம் இல்லை. இருக்கிறபடி வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி, காலை பஸ்ஸில் புறப்படுகிறேன். எனக்கு இடம் இருக்குமா?

உன் கணவன்


ஏப்ரல் 11

அன்புள்ள உங்களுக்கு,

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கிடையாது. வீட்டுச் சாவி எதிர்வீட்டு டீச்சரிடம் இருக்கும். சாப்பாடு மூடி வைத்துவிட்டுப் போகிறேன். பாப்பாவுக்கு மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். வழியெல்லாம் பேசுவாள். குறுக்கு வழி வேண்டாம், சுற்றிக்கொண்டே வாருங்கள்.

வாயாடி