பதினோரு நாள் அளவு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று என் வீட்டுக்காரி தினம் கேட்கிறாள். எனக்குத் தெரியாததால் "பரவாயில்லையாம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வாங்குகிறாயா, தம்பி எழுதுவதுதானே என்று விட்டுவிடுகிறாயா? என்னுடைய "அப்படியா சங்கதி" பத்திக்கு இப்போது வாரத்துக்கு முந்நூறு கடிதம் வருகிறது. சாலைக் குழியைப் பற்றி எழுதியபோது பத்துப் பேர்கூட எழுதியதில்லை. பூமி சூடாவதற்கு மனுஷன்தான் காரணம் என்கிறார்களே, அதை யார் அளந்தது, எப்படி அளந்தது என்று கேட்க ஆரம்பித்தேன், பிய்த்துக்கொண்டு போகிறது.

அடுத்த மாதம் நூலக மண்டபத்தில் விவாதம். எதிரே ஒரு பேராசிரியை. வண்டி வண்டியாக வரைபடம் கொண்டுவருவார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கதை. எனக்கு ஆபரேஷன் ஆனபோது, நீ வேலை பார்க்கும் வானிலை நிலையத்துப் பக்கமே போகாமல் பதினோரு நாளுக்கு வெப்ப அளவு எழுதிவிட்டதாக நீ சொன்னாயே, அது. சொல்லிக்கொள்ளட்டுமா? உன் பெயர் வராது.

ஓயாமல் பேசுகிறேன் என்று நீ பெயர் வைத்த உன் அன்புத் தம்பி,
ஸ்பீக்கர்


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் படி ஏறும்போது மட்டும் என்னை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பத்திரிகை வாங்குகிறேன். உன் போட்டோவில் முடி நிறைய இருக்கிறது, எந்த வருஷத்துப் போட்டோ அது?

நீ கேட்கிற கேள்விகள் எல்லாமே தப்பு என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் கட்டடம் வந்தால் அளவு கூடுமே என்று எழுதியிருந்தாய். கூடும். மூன்று வருஷம் முன்னால் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கு கட்டினார்கள். அன்றே எழுதி அனுப்பினேன். வெப்பமானி இருக்கும் வெள்ளைப் பெட்டியை நாற்பதடி தள்ளி நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் வேறொரு பெட்டி வைத்து, ஒரு வருஷம் இரண்டு இடத்திலும் அளந்து பார்த்தேன். யாராவது வந்து கேட்டால் சொல்வேன். இதுவரை யாரும் வந்ததில்லை, உன்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் அந்தப் பதினோரு நாளைத் தொடாதே.

ஒன்பது வருஷம் ஆகிறது. உனக்குக் குடல்வால் வெடித்துவிட்டது என்று மத்தியானம் போன் வந்தது. லீவுகூடச் சொல்லாமல் ஓடிவந்தேன். பதினோரு நாளும் உன் கட்டிலுக்குப் பக்கத்து பெஞ்சில்தான் இருந்தேன். நிலையத்தில் நான் ஒருத்திதான். அளவு எடுக்காத நாளுக்குப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவேண்டும், அதுதான் விதி. காலியாக விட்டால் எங்கே போனாய் என்று கேட்பார்கள். பயந்துபோய், முந்தின வருஷப் பதிவேட்டைப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினேன். இருபத்தொன்பது வருஷத்தில் நான் செய்த ஒரே திருட்டு. உன்னிடம் மட்டும் சொன்னேன், உனக்காகச் செய்ததால்.

ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். நிம்மதியாகப் போகவிடு.

உன் அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாமல் படி.

சொல்லக்கூடாது என்றுதான் போனேன். பேராசிரியை நன்றாகப் பேசினார். பேசப் பேச சபை அவர் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. "ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலயும் தினம் காலையில எழுந்து போய் அளக்கிற ஒரு மனுஷன் இருக்கான்"னு சொன்னார். அந்த இடத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "அந்த மனுஷன் எழுந்தே போகாத கதை எனக்குத் தெரியும்"னு ஆரம்பித்துவிட்டேன்.

பெயர் சொல்லவில்லை. "எனக்கு நெருங்கிய சொந்தம்" என்று மட்டும் சொன்னேன். அக்கா, அந்தக் கைதட்டலை நீ கேட்டிருக்கவேண்டும். "பதினோரு நாளுக்காக எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிடலாமா?" என்று அந்த அம்மா கேட்டது யார் காதிலும் விழவில்லை. ஞாயிறு பத்தியிலும் அதையே எழுதச் சொல்லி ஆசிரியர் கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நீயாவது பேசு.

ஸ்பீக்கர்


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு நெருங்கிய சொந்தத்தில் வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவர் எத்தனை பேர் என்று தலைமை அலுவலகம் எண்ணிப் பார்த்திருக்கிறது. இரண்டு பேர் வந்தார்கள். முதல் கேள்வி முடிவதற்குள் ஒப்புக்கொண்டேன். பதிவேட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். சாவியை வாங்கிக்கொண்டு என்னைச் சாமான் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் பெண் அளவு எடுக்கிறாள். பாதரச மட்டத்துக்குக் கண் நேராக வரும்படி குனிந்து பார்க்கிறாள், நல்ல பழக்கம்.

என் வருத்தம் சாமான் அறையைப் பற்றி இல்லை. பதினோரு நாள் மட்டும்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். ஆதாரம் இல்லாவிட்டால் என்னுடைய இருபத்தொன்பது வருஷ அளவுகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பத்தாயிரம் காலைக்கு மேல் வரும். மழையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதியதெல்லாம் அதில் இருக்கிறது. நினைத்தால் அழுகை வருகிறது, அதனால் நினைக்காமல் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அதிகபட்ச வெப்பமானி காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி. ஏறின பாதரசம் தானாக இறங்காது, தினமும் உதறி இறக்கவேண்டும். பதினோரு நாளும் யாரும் உதறவில்லை. உன்னை வீட்டில் விட்டுவிட்டு நேராக நிலையத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். 41.2 என்று நின்றுகொண்டிருந்தது. அந்தப் பதினோரு நாளில் ஏதோ ஒரு நாள் அவ்வளவு ஏறியிருக்கிறது. எந்த நாள் என்று தெரியாது. நான் கற்பனையில் எழுதியதில் மிக அதிகமானதே 37.5தான். என் பொய், வெயிலைக் குறைத்துக் காட்டிய பொய்.

உதறுவதற்கு முன் கை சும்மா இருக்கவில்லை. கையில் இருந்த காகிதத்தின் பின்பக்கம் தேதி, நேரம், 41.2 என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உன் டிஸ்சார்ஜ் சீட்டு. நீ சேர்ந்த தேதியும் வெளியே வந்த தேதியும் முன்பக்கத்தில் இருக்கின்றன. மறுநாள் உன் நீல ஃபைலில் நானே வைத்தேன். அதை அனுப்பு. முடிந்தால், அந்த எண்ணை உன் பத்தியில் போடு, கதையைப் போட்ட அதே அளவு எழுத்தில். மன்னிப்பெல்லாம் வேண்டாம், எண் போதும்.

உன் அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு தூரம் போகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது ஃபைலையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டோம். தேடுகிறேன். பத்தியைப் பற்றி ஆசிரியரிடம் பேச்சுக்குக் கேட்டேன். "வாசகனைக் குழப்பாதீங்க சார்" என்றார். நான் கேள்விதானே கேட்கிறேன் அக்கா, முடிவா சொல்கிறேன்? மனசில் வைத்துக்கொள்ளாதே.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

இன்றோடு வேலை முடிந்தது. தேநீர் கொடுத்தார்கள். ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார்கள், மூன்று நிமிஷம் முந்தி ஓடுகிறது.

சீட்டு போன மாதம் தலைமை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. உறையில் அனுப்பியவர் பெயர் இல்லை, உள்ளே ஒரு வரிக் கடிதமும் இல்லை. மேல் முகவரி யார் கை என்று எனக்குத் தெரியாதா, உனக்கு எழுதப் பழக்கியவளே நான்தானே. தேதிகளை ஒத்துப் பார்த்தார்கள். பக்கத்து நிலையத்தில் அதே வாரம் 40.9 ஏறியிருந்ததாம். என் பதினோரு நாளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சாமான் அறையில் கொஞ்ச நேரம் அழுதேன். உனக்கு நன்றி சொல்லவேண்டும் என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நான் எழுத உட்கார்ந்தது ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை வந்தது. "வீட்டில் உட்கார்ந்து வெயில் அளந்தவர்" என்று தலைப்புப் போட்டு மறுபடியும் அதே கதையை எழுதியிருந்தாய். இந்தத் தடவை நகைச்சுவை கூட. அதற்கடுத்த மூன்று ஞாயிறும் வாங்கினேன். 41.2 எங்கேயும் இல்லை.

இத்தனை நாளும் நீ சந்தேகப்படுகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். சந்தேகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கருவியை நானே வருஷத்துக்கு ஒருமுறை சந்தேகப்பட்டு அனுப்பிச் சரிபார்த்து வாங்குகிறவள்தான். ஆனால் நீ பரணில் ஏறி, ஃபைலை எடுத்து, அந்த எண்ணைப் படித்து, உறையில் போட்டு ஒட்டியிருக்கிறாய். ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்து பழைய கதையை எழுதியிருக்கிறாய். இதற்குப் பெயர் சந்தேகம் இல்லை தம்பி. எனக்கு மிகவும் வலிக்கிறது.

கைதட்டலுக்காகவா, ஆசிரியருக்காகவா, முந்நூறு கடிதத்துக்காகவா என்று ராவெல்லாம் யோசித்திருக்கலாம். உனக்காக ஏதாவது ஒரு காரணத்தை நானே எழுதி நிரப்பிக்கொண்டும் இருக்கலாம். முன்பு ஒரு தடவை உனக்காக அப்படித்தான் நிரப்பினேன்.

இனிமேல் பத்திரிகை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவளை விசாரித்ததாகச் சொல். முழங்கால் பரவாயில்லை. நீ ஏன் அப்படி எழுதினாய் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். அதை நீதான் வந்து எழுதவேண்டும்.

அக்கா