பின்பக்கத்து ஆறு பேர்

மே 3, 2005. செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில். நாளை கத்திரி ஆரம்பம். செய்ய வேண்டியவை: ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சி சதவீத அறிக்கை (நாளை ஹெச்.எம். கேட்பார்). தைக்கக் கொடுத்த ரவிக்கை. மோர் மிளகாய்.

அறிக்கைக்காக மார்க் ரெஜிஸ்டரை மறுபடி கூட்டினேன். பாதியில் கை நின்றுவிட்டது.

அரையாண்டுக் கணக்குத் தாளில் 20 மார்க் கேள்விகள் நடத்தாத பாடத்திலிருந்து வந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு 80க்குத் திருத்தினோம். பிறகு எல்லோருக்கும் நூற்றுக்கு மாற்றி எழுத வேண்டும். எழுதினேன். முதல் பக்கத்து நாற்பது பேருக்கு மட்டும். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பின்பக்கத்தில் ஆறு பேர். தீப்பெட்டி, பட்டாசு வேலையிலிருந்து மீட்டு, சிறப்புப் பள்ளியில் படிக்கவைத்து, ஜூலையில் எங்களிடம் சேர்த்த பெண்கள். தாமதமாக வந்ததால் பெயர் கடைசியில்.

பேச்சியம்மாள்: காலாண்டு 31, அரையாண்டு 28, முழு ஆண்டு 39. மொத்தம் 98. சராசரி 32.67. பாஸுக்கு 35 வேண்டும். கணக்கில் ஃபெயில் என்று போன வாரமே போர்டில் ஒட்டியாயிற்று. மற்ற பாடம் எல்லாம் பாஸ்.

28/80 = 35 சதவீதம். 31 + 35 + 39 = 105. சராசரி 35. சரியாக 35.

மாரீஸ்வரி: திருத்தினாலும் 34.33. மாற்றமில்லை. மற்ற நால்வர் முன்பே பாஸ்.

நான் பி.எஸ்ஸி. கணிதம். பதினெட்டு வருட சர்வீஸ்.

மே 4, புதன்

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். ஃபேனுக்கு நேரே உட்கார்ந்து கேட்டார்.

"லிஸ்ட் கல்வி ஆபீஸுக்குப் போயிருச்சு டீச்சர். இப்பப் போயி தப்புன்னு எழுதினா மெமோ உங்களுக்குத்தான். கிரேஸ் மார்க்னு போட்டு ஏத்தி விட்டுருவோம். பிள்ளையும் பாஸ், நீங்களும் தப்பிச்சீங்க."

"அவ தானாவே பாஸ் பண்ணியிருக்கா," என்றேன்.

"எப்படிப் பாஸானா என்ன? ஒரு பிள்ளைக்கா இம்புட்டு?"

அடுத்த வருடம் உதவித் தலைமையாசிரியர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. மெமோ வந்தால் போச்சு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு விருதுநகர் பஸ். ஆமத்தூர் வரை நின்றுகொண்டே. ஒன்று மட்டும் உறுத்துகிறது. முன்பக்கத்துப் பிள்ளை 34 எடுத்தால் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறேன். இவளுக்கு 32.67 வந்தபோது பேனா நிற்கக்கூட இல்லை. மறதி என்று சொல்லலாம். முழுக்க மறதி இல்லை.

மே 5, வியாழன்

சாயங்காலம் விஸ்வநத்தம் போனேன், பேச்சியம்மாள் வீட்டுக்கு. பட்டாசுக் கம்பெனி வேன் அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. பேச்சியும் அதில்தான் வந்திருக்கிறாள். விரலெல்லாம் பசை காய்ந்து தோல் மாதிரி உரிகிறது.

அவள் அம்மா: "வெடிமருந்துப் பக்கமெல்லாம் விடல டீச்சர். காகிதக் குழாய் ஒட்டத்தான். பாஸானா படி, இல்லாட்டி என்கூட வானு முன்னாடியே சொல்லிட்டோம்."

நான் சொன்னேன். பாஸ்தான், மார்க் போட்டதில் தவறு என்று.

"போன வாரம் ஃபெயிலுன்னு ஒட்டுனீக. இப்பப் பாஸுங்கீக. நாளைக்கு வந்து மறுபடியும் ஃபெயிலும்பீகளோ?"

பேச்சி கொடியில் துணி எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "எனக்குத் தெரியும் டீச்சர். ராங்க் கார்டுல எங்க ஆறு பேருக்கும் எம்பதுக்கு எடுத்தது அப்படியே இருந்துச்சு. போட்டுப் பாத்தேன். முப்பத்தஞ்சு வந்துச்சு."

"ஏன் வந்து சொல்லல?"

"கணக்கு டீச்சர்ட்ட போயி கணக்கு தப்புன்னு எப்படிச் சொல்ல?"

அம்மா ஒரு நோட்டை நீட்டினார். "எழுதிக் குடுங்க. அவுக அப்பாட்டக் காட்டணும். வாயால சொன்னா அவுக கேக்க மாட்டாக."

கிரேஸ் மார்க் என்று எழுதியிருக்கலாம். ஒரு நிமிடம் பேனாவைத் திறந்தபடி வைத்திருந்தேன். எழுதியது: மதிப்பெண்ணை நூற்றுக்கு மாற்றாமல் விட்டது என் தவறு. பேச்சியம்மாள் 35 சதவீதம் பெற்றுத் தேர்ச்சி. கையெழுத்து, தேதி.

காப்பி கொடுத்தார்கள். இனிப்பு அதிகம். குடித்தேன்.

மே 6, வெள்ளி

"எழுதியே குடுத்துட்டீங்களா? கையெழுத்தோடயா?" ஹெச்.எம். கேட்டார். சிவப்பு மையில் ஆறு பேருக்கும் திருத்தினேன். பக்கத்தில் சுருக்கொப்பம். அவரும் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல். ஆபீஸுக்குத் திருத்தக் கடிதம் இன்றே போகிறது. மெமோ எப்போது என்று தெரியாது.

ரவிக்கை கை இறுக்கம். திருப்பிக் கொடுக்கணும்.

மே 9, திங்கள்

பத்தாம் வகுப்பு கோடைச் சிறப்பு வகுப்பு ஆரம்பம். பஸ்ஸிலிருந்து எதிரே வந்த ஒவ்வொரு கம்பெனி வேனையும் பார்த்தேன். வேகத்தில் முகம் தெரியவில்லை.

9.00 பேச்சி இல்லை. 9.20 இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே கரும்பலகையில் எழுதி, ஒரு வரி தப்பு. பிள்ளைகள் சிரித்தார்கள்.

9.40. "உள்ள வரலாமா டீச்சர்?" பேச்சி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அப்பா சைக்கிளில் கொண்டுவந்து விட்டாராம். நான் எழுதிக் கொடுத்ததை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாராம்.

இடைவேளையில் மேஜையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், மாரிக்கும் போட்டுப் பாத்தேன். 34.33 வருது."

"ஆமாம். எனக்கும் அதான் வந்துச்சு."

"அப்ப அவ ஃபெயில்தானா?"

"கணக்குப்படி ஃபெயில்தான்."

தலையாட்டினாள். போகவில்லை. "வேன்ல ரெண்டு பேரும் ஒரே சீட்டுதான் டீச்சர். இன்னைக்கு அவ மட்டும் போயிருக்கா."

இந்த டைரியில் மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மாரிக்கு மாற்றமில்லை என்று எழுதி, அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

மணி 11.10. ஹெச்.எம். அறையில் வேறு யாரும் இல்லை. மாரிக்குக் கிரேஸ் மார்க் கேட்கப் போகிறேன்.