மையத்து மெசின்

மச்சான்,

சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையில் டீசல் மணம் போகவில்லை. நீங்கள் சோற்றில் கை வைக்கும்போது வருகிற அதே மணம். "இந்தக் கையோட எப்படித்தான் திங்கிறீங்களோ" என்று நான் முகம் சுளிப்பேன். "கறிக்கு உப்புக் கொறவு புள்ள, அதுக்கு இது சரியாப் போகுது" என்பீர்கள், சிரிக்காமல்.

உங்கள் உழவு மெசினை மூடியிருந்த தறப்பாளை இன்று நானே இழுத்துப் போட்டேன். எலி இருக்கையைக் குடைந்து பஞ்சைப் பரப்பி வைத்திருந்தது. எஞ்சின் மூடியைத் துடைத்தேன், சக்கரத்துச் சேற்றைச் சுரண்டினேன். நீங்கள் மௌத்தான பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை. "மௌத்தாப் போன ஆளுக்கு எழுதினா ஆரும்மா வாசிக்கிற?" என்று மகள் கேட்கிறாள். உயிரோடிருந்தபோது மட்டும் நான் சொன்னதைக் கேட்டீர்களா? அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

மாமா இந்த உழவு மெசினை எடுத்துக்கொண்டு நற்பிட்டிமுனைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மாமாவின் மகன் என்பதால் நீங்கள் கலியாணத்துக்கு முன்பும் எனக்கு மச்சான், பின்பும் மச்சான். உங்கள் வாப்பாவுக்குப் பக்கத்தில் மட்காட்டில் குந்திக்கொண்டு, ஊரையே விலைக்கு வாங்கியவர் மாதிரி வந்தீர்கள். பிறகு மாமா போனார், மெசின் உங்களுக்கு வந்தது. நாவிதன்வெளிப் பக்கமும் எங்கள் வயல் வட்டையிலும் அது உழாத வயல் குறைவு. அறுவடை முடிந்தால் சூடடிக்கவும் அதுதான். விதைப்புக் காலத்தில் விடியுமுன்பே வாசலில் ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே எனக்குக் கை ஓய்ந்துபோகும்.

அதெல்லாம் கடல் வந்த நாள் வரைக்கும்தான்.

அன்று நீங்கள் பின்பெட்டியில் இருந்த வைக்கோலை வாசலில் கொட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனீர்கள். இடிந்த சுவரும் முறிந்த மரமுமாகக் கிடந்த வழியில் வேறு வாகனம் எதுவும் போக முடியவில்லை; மெசினின் பெரிய சக்கரம்தான் ஏறி இறங்கியது. முதலில் காயப்பட்டவர்களை ஏற்றினீர்கள். பிறகு ஏற்றுவதற்கு உயிர் போன மையத்துகள்தான் இருந்தன. அவற்றைச் சுமந்துகொண்டு அடக்குகிற மையவாடிக்கும், திரும்பிக் கடற்கரைக்குமாக அலைந்தீர்கள். பின்னால் நின்ற பொடியன்கள் "கெதியா ஓட்டுங்க காக்கா, இன்னும் எவ்வளவு கெடக்கு" என்று கத்தினார்களாம். நீங்கள் கியரை மாற்றவேயில்லையாம், மெல்லவே ஓட்டினீர்களாம். தமிழர்களின் ஊரான பாண்டிருப்பில் சிலர் வழி மறித்து, தங்களுடைய ஆட்களின் உடல்களையும் கொண்டுபோய்த் தரச் சொல்லிக் கேட்டபோது, பெட்டியில் நின்ற ஒருவர் "இது நம்மட ஆக்கள் இல்லியே" என்று முணுமுணுத்திருக்கிறார். "கடல் கேட்டுட்டா எடுத்த?" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போய்த் தூக்கினீர்களாம்.

இதில் ஒன்றையும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தவை. நீங்கள் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குந்தியிருந்து தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினீர்கள். நான் சோறு போட்டேன், நீங்கள் தொடவில்லை.

அடுத்த விதைப்புக்கு வாசலில் ஒருவரும் வரவில்லை. நீங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் பக்கத்து வளவுப் பொடியன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கோவிக்காதீங்க காக்கா. அந்தப் பெட்டியில வெதநெல்லு ஏத்த வேணாமெண்டு வாப்பா சொல்றாரு" என்றான். அவனுடைய பெரியம்மாவை நீங்கள்தான் மையவாடியில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அந்த வாரமே பெயரும் வைத்துவிட்டார்கள். மையத்து மெசின். முதலில் சின்னப் பிள்ளைகள் சொன்னார்கள், பிறகு பெரிய ஆட்களும் கூசாமல் சொன்னார்கள்.

வேறு நிறம் அடிக்கச் சொன்னார்கள். பெட்டியையாவது தூர ஊரில் தள்ளிவிடச் சொன்னார்கள். உங்கள் பதிலை நான் மறக்கவில்லை. "அழுக்கெண்டா கழுவலாம். இது அழுக்கில்ல." வாய்க்காலில் கொண்டுபோய் ஒருமுறை நன்றாகக் கழுவினீர்கள். பிறகு எங்கள் விதைநெல்லை அந்தப் பெட்டியில் ஏற்றி, சுற்றுப்பாதையால் போகாமல், சந்தி நிறைய ஆட்கள் நிற்கும் நேரம் பார்த்து ஊருக்கு நடுவால் ஓட்டிக்கொண்டு போனீர்கள். நான் வேலியடியில் நின்று பார்த்தேன். உங்கள் முதுகு அவ்வளவு நிமிர்ந்து இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு ஒரு சிலர் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. நீங்கள் யாரையும் கூப்பிடவுமில்லை.

மகளின் கலியாணம் ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் பேசி முடித்த பிறகு இடையாள் வந்தார். "மாப்பிள்ள ஊட்டாக்கள் ஒண்டே ஒண்டுதான் கேக்காங்க. வாசல்ல நிக்கிற மெசின வேற வளவுல விடட்டாம். புது மாப்பிள்ள குடிவாற ஊடு."

"ஊர்ப்பட்ட மையத்தச் சுமந்த மெசின் அது" என்றீர்கள். "மாப்பிள்ளைக்காக நான் அத ஒளிச்சி வெக்க மாட்டன். வாறவர் அதைக் கடந்து வரட்டும்."

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலியாணம் நின்றுபோகும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் உம்மாவே வந்தார். உள்ளே வராமல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒங்களோட வழக்கில்ல காக்கா. என்ட தங்கச்சிய இதுலதான் கொண்டு போன. நான் அந்த நேரம் ஊர்ல இல்ல. இதக் கண்டா எனக்கு நெஞ்சடைக்கிது."

நீங்கள் எழும்பிக் கேற்றடிக்குப் போனீர்கள். பிறகு, "எந்த எடத்துல கெடந்த?" என்று கேட்டீர்கள். மீன் வாடிக்குப் பின்னால் என்று அவர் சொன்னார்.

"ஓம். கையில புள்ளட சட்ட ஒண்டப் புடிச்சிக்கிட்டு இரிந்த. நான் அத எடுக்கல்ல. அதோடதான் கொண்டு போன. மொகத்த மூடி, ஆட்டாமத்தான் ஒங்கட தங்கச்சியக் கொண்டு போன. ஒரு பள்ளத்துலயும் ஆட்டல்ல."

நீங்கள் ஏன் கியரை மாற்றாமல் ஓட்டினீர்கள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அவர் கேற்றைப் பிடித்தபடி அழுது தீர்த்தார். நான் போய்த் தோளைப் பிடித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நிக்கட்டும் காக்கா, நிக்கட்டும்" என்றார். கலியாணத்தன்று மாப்பிள்ளைக்குப் பின்னால் வந்தவர், மெசினைத் தாண்டும்போது மட்காட்டில் கையை வைத்து எடுத்தார். கூட்டத்தில் வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கண்டேன்.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். தெற்கே வெள்ளைக்காரர் அலையில் சறுக்க வருகிற கடற்கரையில் ஒரு ஹோட்டல் கட்டுகிறார்களாம். அங்கிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. கட்டார் நாட்டில் வேலை செய்கிற உங்கள் மகனோடு போனில் கதைத்து எல்லாம் முடிவாகிவிட்டது என்றார். தறப்பாளைத் தூக்கிவிட்டுச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்.

"இதெல்லாம் இப்ப கெடைக்கிறல்ல உம்மா. மஞ்சள் பெயின்ட் அடிச்சி வாசல்ல வெச்சா வெள்ளக்காரன் ஏறி நிண்டு படம் எடுப்பான்."

"பெட்டியையும் கொண்டு போறீங்களோ?"

"பெட்டிதான் முக்கியம். மண்ணப் போட்டுப் பூக்கண்டு நடுவம். ஒரு பக்கத்த வெட்டிட்டு வாங்கு வெச்சா ஆக்கள் இரிந்து ஜூஸ் குடிக்கலாம்."

நான் கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தேன் மச்சான். "தேத்தண்ணியக் குடிங்க தம்பி. மெசின் விக்கிறல்ல."

"ஒங்கட மகன் ஓமெண்டு சொன்னாரே?"

"அவர் கட்டார்ல இரிக்கார். மெசின் இஞ்ச இரிக்கி."

காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கதையையும் ஒரு பலகையில் எழுதிப் பூக்கண்டுக்குப் பக்கத்தில் நட்டு வைப்பார்கள்.

அவர் போன கையோடு மகன் போன் எடுத்தான். "உம்மா, அது ஓடாத இரும்பு. வாசல்ல கெடந்து கறல் புடிக்கிது. ஆரு ஓட்டுற? ஆரு கூலிக்குக் கூப்பிடுற? இன்னும் அந்தப் பேரச் சொல்லித்தானே சிரிக்காங்க? வாப்பா போயிட்டார், அந்தக் கதையும் அவரோட போகட்டுமே."

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

"எனக்கும் பங்கு இரிக்கி உம்மா."

"இரிக்கி மகன். வந்து உழுது ஒன்ட பங்க எடு."

போனை வைத்துவிட்டான். கோபம்தான். வரும், போகும். அவன் உங்கள் மகன். ஆனால் கடல் வந்தபோது சின்னப் பிள்ளை. அவனுக்கு ஞாபகமிருப்பது பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததுதான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் வெட்கத்துக்காக விற்கவும் மாட்டேன்.

மேலே எழுதியதோடு நிறுத்திவிட்டு இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். மிச்சத்தைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது என்று இப்போது திரும்ப எடுத்திருக்கிறேன்.

அன்று மருமகன் வேலை முடிந்து வந்து, மகள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை, உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். பற்றரி மாற்றினார்கள், ஏதேதோ குழாய்களைக் கழற்றி ஊதினார்கள். பொழுதுபடுகிற நேரத்தில் அது செருமியது. பிறகு கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியது. கொடியில் காய்ந்த பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் கறுத்துப் போயிற்று என்று ஒரே சண்டை. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். நீங்கள் வட்டையில் வைத்துப் பழக்கியதை மருமகன் மறக்கவில்லை. ஏறியிருந்து கிளச்சை மிதித்தார்.

முதல் மழை விழுந்ததும் வயலுக்குப் போனது. நானும் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். நீங்கள் மௌத்தான பிறகு வட்டைப் பக்கம் நான் போனது அன்றுதான். புதிய பெரிய மெசின்கள் அக்கம்பக்கத்தில் இரைந்துகொண்டு போயின. எங்களுடையது மெதுவாகத்தான் போனது, நடுவில் இரண்டொரு தடவை நின்றும் போனது. மருமகன் இறங்கித் தட்டிவிட்டுத் திரும்ப ஏறினார். அசர் தொழுகைக்கு முன் வயல் முழுக்கப் புரண்டு கிடந்தது. கொக்குகள் பின்னால் நடந்தன.

எனக்குத் தெரியாத ஒரு கமக்காரர் வரம்பால் வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ராத்தா, இது அந்த..." என்று இழுத்தார்.

"ஓம் தம்பி. மையத்து மெசின்தான். ஒங்கட வயலையும் உழுது தரட்டா?"

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். போகட்டும். வந்தால் உழுது கொடுப்போம், வராவிட்டால் எங்கள் வயலோடு இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டு முன்பு நீங்கள் தலை குனியவில்லை. இப்போது நானே அதை வாய் நிறையச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நாக்கு ஒன்றும் வெந்து போகவில்லை.

மார்க்கச் சட்டப்படி மெசினில் மனைவியான எனக்கு எட்டில் ஒரு பங்குதான் மச்சான். உங்கள் பிடிவாதம் மட்டும் முழுதாக எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதில் யாருக்கும் பங்கு கொடுக்கிற எண்ணம் எனக்கில்லை.