பலிபீடத்தின் முன் கழற்றிய சப்பாத்து

இன்று எங்களுடைய உடுப்புத் தோய்க்கும் நாள். கூடையைத் தூக்கிக்கொண்டு கெல்லருக்கு இறங்கினேன். எங்கள் கட்டடத்து நிலவறை உனக்குத் தெரியும், கோடையிலேயே குளிர் விடாத இடம். எங்கள் பகுதியின் கம்பிக் கதவைத் திறந்ததும் தேங்காயெண்ணெய் மணந்தது. பழைய தோலோடு சேர்ந்து கொஞ்சம் சிக்கு மணம். உன் சப்பாத்துதான்.

எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். தையல் ஓரங்களில் எண்ணெய் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. விரலால் தேய்க்க உருகியது. அடியில் அடித்த ஆணிகளில் சில விழுந்துவிட்டன. மெஷின் சுற்றி முடியும் வரைக்கும் அங்கேயே வாளியொன்றைக் கவிழ்த்துப்போட்டு இருந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சிரித்தேன். ரோமப் படைவீரனின் சப்பாத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

ஊரில் சண்டை முடிந்த 2009ஆம் ஆண்டின் அந்தக் கோடையை நாங்கள் எப்படிக் கடந்தோமோ தெரியாது. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். பாடன் நகரத்துத் தொழிற்சாலை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஒரு சொல்லும் கதைக்காமல் வயர்களைப் பூட்டிக்கொண்டிருந்தோம். இலைகள் கொட்டத் தொடங்கிய நேரம் ஒருநாள் நீ திடீரென்று, றுவேடியின் ரோமப் படையில் சேரப்போகிறேன் என்றாய்.

றுவேடி எங்கள் பகுதியின் தரப் பரிசோதகர். மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிற மனிதர். சனி, ஞாயிறுகளில் இரும்பு வளையச் சட்டையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, பழைய ரோம முகாம் இருந்த இடத்தில், ரோமப் படையை அப்படியே நடித்துக் காட்டும் தன் சங்கத்துக் கூட்டாளிகளோடு கேடயம் தூக்கி அணிவகுப்பார். அங்கேயும் அதே பரிசோதகர்தான். அங்கியில் மெஷின் தையல் கண்டால் பிரிக்கச் சொல்வார். மணிக்கட்டில் கடிகாரத்தின் வெள்ளைத் தடம் தெரிகிறது என்று ஒருவரை வெயிலில் போய் நின்று கறுத்துவிட்டு வரச் சொன்னாராம். அது உண்மையோ பொய்யோ, தொழிற்சாலையில் எல்லோரும் நம்பினோம்.

"உனக்கென்ன விசரோ?" என்றேன் நான். "படை எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட சனத்துக்குச் சாப்பாடு இறங்காமக் கிடக்கு. நீ உடுப்புப் போட்டு விளையாடப் போறியோ?"

நீ கோபிக்கவில்லை. கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாய். "சின்னனில இருந்து ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டா எனக்கு வயிறு கலங்கும். இங்க வந்து எவ்வளவு காலம். மேல்வீட்டுக்காரன் சப்பாத்தோட படியேறினாலும் இப்பவும் கலங்குது. ஒருக்கா அந்தச் சத்தம் என்ர காலில இருந்து வரட்டும். பயம் போகுதோ எண்டு பாப்பம்."

நீ அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது விளங்கியது.

சங்கத்துக்காரர் உன்னை மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். ஆனால் வரிசையில் நிற்க விடுவதாக இல்லை. ரோமப் படையில் பெண்கள் நின்றதில்லை, அது வரலாறு. அடிமையாக வரலாம் என்று ஒருவர் சொல்லத் தொடங்கி, தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். மிளகு விற்கும் கிழக்குத் தேசத்து வியாபாரியாக வரலாம், சமையல் கூடாரத்தைப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் அவர்களும் அதையே சொன்னார்கள். மிளகு எங்களுடையதுதானே, பெருமையான விஷயம்தானே என்று.

"இந்த நாட்டில எத்தனை கலியாணத்துக்கு, எத்தனை சாமத்தியவீட்டுக்குச் சமைச்சுக் குடுத்திட்டன்," என்றாய் நீ. "ரோமாபுரிக்கும் நான்தான் சமைக்கோணுமோ?"

கடைசியில் றுவேடிதான் ஒரு வழி சொன்னார். பார்வையாளர்களைத் தடுத்து ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றுக்கு வெளியே நிற்கிறவர் நீ பெண் என்று கண்டுபிடிக்காவிட்டால் வரிசையில் நிற்கலாம். கண்டுபிடித்தால் வெளியே வரவேண்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்கும் அதே விதிதான். நீ உடனே, அந்தக் காலத்து ரோம வீரர்களுக்கு என் உயரம்தான் இருந்திருக்கும், அப்படியென்றால் உங்கள் நெட்டை ஆட்களை முதலில் கயிற்றுக்கு வெளியே அனுப்புங்கள் என்று சொன்னாயாம். றுவேடி சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாக வந்து சொன்னாய்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் என் வீட்டு விளக்கடியில் இருந்து அங்கியைக் கையால் தைத்தாய். ஊசி எனக்கு நன்றாக வரும், தந்தால் ஒரே இருப்பில் முடித்திருப்பேன். நீ தரவில்லை. வசந்தத்தில் சங்கம் எல்லோருடைய உடுப்புகளையும் பரிசோதித்த அன்று, றுவேடி உன் சப்பாத்தைத் தூக்கி முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ரோமர் ஒலிவ் எண்ணெயோ மிருகக் கொழுப்போதான் பூசியிருப்பார்கள் என்றார். "மணம் கயிற்றுக்கு அங்கால போகாது," என்று நீ சொன்னாய். விதியை எழுதியவரே அவர்தானே, என்ன செய்வது. சப்பாத்தைக் கீழே வைத்தார்.

அந்தக் கோடையில், பழைய முகாமில் விழா நடந்த நாளில் நான் கயிற்றுக்கு வெளியே சாப்பாட்டுப் பையோடு நின்றேன். உன்னை யாராவது கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் நின்றவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. கல் பாவிய வழியில் ஆணிச் சப்பாத்துகள் ஒன்றாக விழுகிற சத்தம். வயிறு கலங்குவது உனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், எனக்கும் கலங்கியது. பிறகு வளைவில் வரிசை திரும்பியது. நெட்டை ஆட்களுக்கு நடுவில் ஒரு கட்டை ஆள், கேடயத்துக்கு மேலே கண் மட்டும் தெரிய, மற்றவர்களை விட நேராக நடந்து வந்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. நீ என்னைப் பார்க்கவும் இல்லை, அவ்வளவு கவனம்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கடைசியில் பலிபீடம் இருந்தது. படைக்கொடிக்கு முன்னால் ஒரு கல்மேடை, அதில் தணல். வீரர்கள் ஒவ்வொருவராகப் போய் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுவிட்டுத் திரும்பவேண்டும். உன் முறை வந்தது. போய், தணலுக்கு முன்னால் நின்றாய். புகை உன் முகத்தில் அடித்தது. அடுத்த நிமிடம் கேடயத்தை நிலத்தில் வைத்துவிட்டுக் குனிந்து சப்பாத்தின் வாரை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாய்.

கணுக்கால் வரை சுற்றிக் கட்டிய வார். எவ்வளவு நேரம் எடுத்தாயடி. பின்னால் வரிசை அசையாமல் நின்றது. ஒரு பிள்ளை ஏதோ கேட்க, தாய் வாயில் விரலை வைத்தாள். நீ இரண்டு சப்பாத்தையும் ஒதுக்கி வைத்து, வெறுங்காலோடு நின்று சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாய். நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தாய் என்று உனக்கே தெரிந்தது. உன் முகம் மாறியது கயிற்றுக்கு வெளியே நின்ற எனக்கே தெரிந்தது.

ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் கெட்டிக்காரர். "இந்த வீரன் சிரியாவிலிருந்து வந்தவன், தன் நாட்டு முறைப்படி வணங்குகிறான்," என்று உடனே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாடா, தப்பிவிட்டாய் என்று நான் பையைக் கீழே வைத்தேன்.

நீ கூடாரத்துக்குப் பின்னால் கொதித்துக்கொண்டு நின்றாய். "சிரியாவோ? நான் எப்ப சிரியாவுக்குப் போனனான்? அந்தாள் அந்த இடத்திலயே பின்னின கதையடி அது."

"அதால என்ன, உன்ர இடம் தப்பிச்சுதுதானே," என்றேன்.

"பொய்யில நிக்கிற இடம் எனக்கு வேண்டாம்," என்றாய். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குரல் இறங்கிச் சொன்னாய். "சப்பாத்தோட கோயிலுக்குள்ள வந்தவங்களைப் பாத்தனான். அந்தச் சத்தம் உள்ள எப்பிடிக் கேக்கும் தெரியுமோ? சாம்பிராணிப் புகை வந்த உடன என்ர கால் அங்கால போகமாட்டன் எண்டுது."

அப்படியே எழுந்து போய் றுவேடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அது ரோம வழக்கமும் இல்லை, சிரியா வழக்கமும் இல்லை, என் கால்தான் செய்தது என்று. அவர் தலையை மட்டும் ஆட்டினார். சங்கம் கூடி முடிவு சொல்லும் என்றார்.

வாரக்கணக்கில் முடிவு வரவே இல்லை. தொழிற்சாலையில் அவர் எங்கள் மேசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நீ வயரை விட்டுவிட்டு நிமிர்வாய், அவர் பொருளை அளந்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அகதி விசாரணைக்கும் பதிலுக்கும் இந்த நாட்டில் நீ காத்திருந்தது போதாதோ? சப்பாத்தைக் கழுவி எண்ணெய் பூசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன் என்று ஒருநாள் சொன்னாய். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் றுவேடி கோப்பியோடு வந்து எங்கள் முன்னால் இருந்தார். இவ்வளவு நாளும் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். கிழக்கிலிருந்து வந்த சில வழிபாடுகளில் வெறுங்காலோடு நின்றிருக்கிறார்கள், ஆனால் இந்த முகாமில் அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே அதை ரோம வழக்கம் என்று சொல்ல விடமாட்டேன், ஒலிபெருக்கிக்காரரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். உன் முகம் விழுந்துவிட்டது.

"அடுத்த வருடம் நீ கழற்றும்போது, அது எங்கள் வீரர் ஒருவரின் சொந்த வழக்கம் என்று உள்ளதைச் சொல்வோம்," என்றார் பிறகு.

"அப்ப கயிற்று விதி?" என்று கேட்டாய். உள்ளதைச் சொன்னால் நீ யாரென்று கயிற்றுக்கு வெளியே எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

"நான் எழுதிய விதி. நானே அழிக்கலாம்." எழும்பிப் போனவர் திரும்பி வந்தார். "ஆனால் வார் அவிழ்க்க மிகவும் தாமதம். வேறு முடிச்சுப் போடு."

நீ சிரித்த சிரிப்பில் கோப்பி சிந்தியது. அன்று வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்து, எனக்கு உதவியாக வெங்காயம் வெட்டினாய். மேல்வீட்டுக்காரர் சப்பாத்தோடு படியேறினார். நீ கதைப்பதையும் நிறுத்தவில்லை, வெட்டுவதையும் நிறுத்தவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை. சொன்னால் திரும்ப வந்துவிடுமோ என்று பயம்.

அதன் பிறகு எத்தனை கோடை நடந்தாய். உடம்பு வருத்தம் வந்து கால் வீங்கிய வருடமும் வாரைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு போனாய். போன மாசியில் நீ போய்விட்டாய். செத்தவீடு முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மகன் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தான். "அன்ரி, அம்மா இதை உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவா," என்றான்.

இந்த வருட விழாவுக்குப் போவதா வேண்டாமா என்று கடைசி வரை யோசித்தேன். நீ இல்லாத இடத்தில் அந்தச் சிரியாக் கதையைத் திரும்பவும் எடுத்துவிட்டால்? அல்லது வரலாற்றில் இல்லாதது என்று சத்தமில்லாமல் விட்டுவிட்டால்? இரண்டில் எதைப் பார்க்கவும் எனக்குத் தெம்பு இல்லை. ஆனாலும் போய்க் கயிற்றுக்கு வெளியே நின்றேன். சத்தம் வந்தது. வயிறு கொஞ்சம் கலங்கியது, பழக்கம்.

பலிபீடத்துக்கு முன்னால் வீரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் அப்படியே சாம்பிராணி போட்டார்கள். ஒரு நெட்டைப் பொடியன் நின்று, குனிந்து, வாரை அவிழ்த்தான். நீ கண்டுபிடித்த அந்த முடிச்சு, ஒரே இழுவையில் கழன்றது. பிறகு றுவேடி, தலை நரைத்த மனிதர், அவரும் குனிந்தார். ஒலிபெருக்கியில் வேறொருவரின் குரல் வந்தது. "நீங்கள் பார்ப்பது ரோம வழக்கம் அல்ல. அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. எங்கள் வரிசையில் நின்ற ஒரு படைவீரரின் வழக்கம் இது. அவர் இந்த வருடம் எங்களோடு இல்லை."

படைவீரர் என்றார்களடி. கேட்டாயோ?

மெஷின் நின்றுவிட்டது. உடுப்பைக் காயப்போட்டுவிட்டு மேலே வரும்போது சப்பாத்தையும் கொண்டுவந்தேன். விழுந்த ஆணிகளுக்குப் புது ஆணி அடித்துத் தர றுவேடி ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆணி எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எண்ணெய் பூசுகிறேன். நீ பூசிய அதே எண்ணெய்தான். அதை மட்டும் நான் மாற்றமாட்டேன், அவர் எவ்வளவு முகத்தைச் சுளித்தாலும்.